மலைக்கு மெய்ப்பாடு உண்டா? நிலக்காட்சி ஓவியத்தின் உணர்வைத் தமிழில் கூறல்

0. முன்னுரை

திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியக வளாகத்தில் ஸ்ரீசித்திரா கலைக்கூடம் 1935இல் திறக்கப்பட்டது. அன்றைய திருவிதாங்கூர் அரசின் கலை ஆலோசகராக விளங்கிய அயர்லாந்துக் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் அதன் உருவாக்கத்தில் பங்கு கொண்டார். ரவிவர்மாவின் ஓவியங்களுடன், உருசிய ஓவியர்களான நிக்கோலாய் ரோரிக், அவர் மகன் ஸ்வெதோஸ்லாவ் ரோரிக் ஆகியோரின் ஓவியங்களும் சீன, சப்பானிய, திபெத்திய ஓவியங்களும் அத்தொகுப்பில் இடம்பெற்றன. ரவிவர்மாவின் படைப்புகளுக்கெனத் தனிக் கலைக்கூடம் ஒன்று அதே வளாகத்தில் 2023இல் திறக்கப்பட்டது.

இத்தகைய தொகுப்பு மொழிபெயர்ப்பாளர்க்கு ஓர் இடர்ப்பாட்டைத் தருகிறது. மனித உருவம் உள்ள ஓவியத்தின் உணர்வைத் தமிழில் கூறுவது எளிது. மலையும் பனியும் வானமும் மட்டுமே உள்ள ஓவியத்தின் உணர்வைக் கூற முற்படும்போது தமிழ்த் தொடர் தடுமாறுகிறது. இத்தடுமாற்றத்திற்குச் சொற்பஞ்சம் காரணம் என்பது பொதுவான கருத்து. அது சொற்பஞ்சம் அன்று. 'உணர்வு யாருடையது' என்ற வினாவைத் தமிழ் இலக்கணம் எழுப்புவதன் விளைவு என்பதும், அவ்வினாவிற்கு விடை காணும் கருவிகள் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலிலும் செய்யுளியலிலும் உள்ளன என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

1. ஒரு சொல்லுக்குப் பல ஈடுகள்

ஆங்கிலக் கலைத் திறனாய்வில் 'மூட்' என்னும் சொல் ஓவியத்தின் உணர்வுச் சூழலைக் குறிக்கப் பெருவழக்காக உள்ளது. மொழியியலார் வினையின் பாங்கைக் குறிக்க வழங்கும் 'மூட்' வடிவால் ஒத்ததாயினும் பிறப்பால் வேறானது. முன்னது மனத்தைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லின் வழி வந்தது. பின்னது 'முறை' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. செருமானியர் இதே கருத்திற்கு 'ஷ்டிம்முங்' என்பர். அது இசைக்கருவியைச் சுருதி சேர்த்தலையும் குறிக்கும். அலோயிஸ் ரீகல் 1899இல் எழுதிய கட்டுரை அச்சொல்லைத் தற்காலக் கலையின் உள்ளடக்கமாகவே கொண்டு ஆராய்ந்தது. ஆங்கிலச் சொல் உணர்வை ஒரு மனத்தின் நிலையாகக் காண்கிறது; செருமானியச் சொல் அதனை இரண்டன் இசைவாகக் காண்கிறது.

தமிழில் மனநிலை, உணர்வுநிலை, சுவை, பாவம், மெய்ப்பாடு, தொனி எனப் பல ஈடுகள் வழங்குகின்றன. 'மனநிலை' எனின் யாருடைய மனம் என்ற வினா எழும். 'சுவை' எனின் சுவைப்போன் வேண்டும். 'பாவம்' என்னும் ஈட்டில் எழுத்துச் சிக்கலும் உண்டு. உணர்வு வெளிப்பாட்டைக் குறிக்கும் சொல்லும், தீவினையைக் குறிக்கும் சொல்லும், இரங்கத்தக்க நிலையைக் குறிக்கும் சொல்லும் மலையாளத்தில் எழுத்தால் வேறுபட்டவை. தமிழ் எழுத்தில் அம்மூன்றும் 'பாவம்' என ஒன்றாகிவிடுகின்றன. 'முகபாவம்' என்ற தொகையில் முன்மொழி பொருளை வரையறுத்து விடுகிறது. 'மலையின் பாவம்' என்று எழுதினால் படிப்போர் வேறொன்றை நினைக்கக்கூடும். மலையாளக் குறிப்பிலிருந்து தமிழுக்குப் பெயர்ப்போர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஓவிய வகையின் பெயரும் நோக்கத்தக்கது. ஆங்கிலத்தின் 'லேண்ட்ஸ்கேப்' டச்சு மொழியிலிருந்து ஓவியர் வழக்காகப் புகுந்தது. முதலில் படத்தைக் குறித்து, பின்னரே கண்முன் உள்ள நிலப்பரப்பைக் குறிக்கலாயிற்று. சீனத்தில் இவ்வகையின் பெயர் 'மலை-நீர்' என்னும் இணைச்சொல். தமிழில் 'இயற்கைக் காட்சி', 'நிலக்காட்சி' என இரண்டும் வழங்குகின்றன. 'காட்சி' என்பது காணப்படுவதையும் காண்டலையும் ஒருங்கே குறிக்கும். காண்போனை உள்ளடக்கும் இப்பெயரே இங்குப் பொருத்தமானது.

2. திணைப் பெயரிடல்: சித்தன்னவாசல் தரும் சான்று

நிலத்தையும் உணர்வையும் இணைக்கும் கோட்பாடு என்றவுடன் தமிழ் ஆய்வாளர் திணையை நினைப்பது இயல்பே. ஏ. கே. இராமானுசன் தம் குறுந்தொகை மொழிபெயர்ப்பு நூலுக்கு 1967இல் 'அகநிலக்காட்சி' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். திணை என்பதை ஆங்கில வாசகர்க்கு நிலக்காட்சி என்ற சொல்லாலேயே விளக்கினார். அப்பெயர்ப்பு சங்கக் கவிதைக்கு உலக வாசகரைத் தேடித் தந்தது. ஆனால் அச்சமன்பாட்டைத் திருப்பிப் போட்டு, நிலக்காட்சி எல்லாம் திணை எனக் கொள்வது பிழை. மலை தீட்டப்பட்டிருந்தால் குறிஞ்சி, கடல் தீட்டப்பட்டிருந்தால் நெய்தல் எனப் பெயரிட்டு, அதன்வழிப் புணர்தலையும் இரங்கலையும் ஓவியத்தில் ஏற்றிக் கூறுதல் இப்பிழையின் விளைவு.

இது பிழை என்பதைக் காட்டத் திருவனந்தபுரத்துத் தொகுப்பைவிடத் தமிழகத்து ஓவியம் ஒன்றே சிறந்த சான்றாகும். தமிழ் மண்ணிலேயே தோன்றிய நிலக்காட்சிக்குத் திணைப்பெயர் பொருந்தாதெனின் பிற நாட்டு ஓவியத்திற்கு அது பொருந்தும் எனல் அரிது. புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் அர்த்தமண்டபக் கூரையில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தாமரைக் குளம் தீட்டப்பட்டுள்ளது. தாமரை, மீன், எருமை, நீர்ப்பறவை ஆகியன அதில் உள்ளன. அனைத்தும் மருதக் கருப்பொருள்கள். யானை மட்டும் மருதத்திற்கு உரியதன்று. அதனையும் திணைமயக்கம் என அமைத்துவிடலாம். இவ்வாறு நோக்கினால் அக்குளம் மருதம் எனவும், அதன் உரிப்பொருள் ஊடல் எனவும் முடிவு செய்ய நேரும்.

அம்முடிவு ஓவியத்தின் பொருளுக்கு முற்றிலும் மாறானது. கோயில் சமணர்க்குரியது. தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் சமவசரணம் என்னும் பேரவையைச் சார்ந்த நீர்நிலையே அங்குத் தீட்டப்பட்டுள்ளது என ஆய்வாளர் விளக்குவர். குளத்தில் தாமரை பறிக்கும் ஆடவர் மூவரும் அறங்கேட்கச் செல்லும் பவ்வியர் ஆவர். ஊடலுக்கு அங்கு இடமில்லை. உள்ளது அமைந்த மனத்தின் ஈடுபாடு. கருப்பொருளால் மருதமாகத் தோன்றும் ஓவியத்தின் பொருளை நிலைநாட்டுவது அது தீட்டப்பட்ட இடமும், அங்கு வருவோரும், அவர் வருகையின் நோக்குமே.

திணைக் கோட்பாட்டின் குறையாக இதனைக் கருத வேண்டியதில்லை. அகப்பாட்டில் நிலம் தனித்து நின்று பொருள் தருவதில்லை. தலைவியோ தோழியோ பேசுகிறாள், ஒருவர் கேட்கிறார், ஒரு பொழுது அமைகிறது. அக்கூற்றினுள் வருவதாலேயே அருவியும் வேங்கையும் உரிப்பொருளைச் சுட்டுகின்றன. கூற்றை நீக்கிவிட்டு நிலத்தை மட்டும் எடுத்துக்கொள்வோர் கோட்பாட்டின் பெயரைக் காத்து அதன் இயக்கத்தை இழக்கின்றனர்.

3. யாருடைய உணர்வு? இலக்கணம் எழுப்பும் வினா

ஆங்கிலத்தில் துயரத்தைக் குறிக்கும் பெயரடையை மலைக்கும் மாலைக்கும் ஓவியத்திற்கும் நேரே சேர்க்கலாம். துயருறுவது மலையா, ஓவியனா, காண்போனா என்பதைத் தொடர் கூற வேண்டியதில்லை. இத்தெளிவின்மை அம்மொழித் திறனாய்வாளர்க்கு ஒரு வசதி. இயற்கைக்கு மனித உணர்வை ஏற்றிக் கூறும் வழக்கை ஜான் ரஸ்கின் 1856இல் வெளியிட்ட நூற்பகுதியில் பிழைவகைகளுள் ஒன்றாகக் கொண்டு விவாதித்ததற்கு இவ்வசதி மிகுதியாகக் கையாளப்பட்டதே காரணம் எனலாம்.

தமிழில் நிலை வேறு. 'எனக்குத் துயரமாக இருக்கிறது' என்னும் தொடரில் உணர்வோன் நான்காம் வேற்றுமை ஏற்று வெளிப்படையாக நிற்கிறான். 'அவன் துயரமாக இருக்கிறான்' என்பதில் எழுவாயாக நிற்கிறான். 'வீடு துயரமாக இருக்கிறது' எனின் வீட்டிலுள்ளோர் துயருற்றுள்ளனர் என்றே கொள்ளப்படும், அஃது இடவாகுபெயர். 'மலை துயரமாக இருக்கிறது' என்னும் தொடரிலோ ஆகுபெயர் சென்று சேர்வதற்கு ஆள் இல்லை. படிப்போன் அதனைக் கவிதையாகக் கொள்வான், அல்லது பிழையாகக் கொள்வான். செய்தியாகக் கொள்ளான்.

இதற்கு விலக்காக நிற்கும் சொற்கள் சில உள. அமைதி, தனிமை, வெறுமை, இருள், குளிர்ச்சி ஆகியன புறத்தையும் அகத்தையும் ஒருங்கே தழுவும். 'மலை அமைதியாக இருக்கிறது' என்பதில் ஒலியின்மை முதற்பொருள். மன அமைதி அதன் சார்பாக எழுவது. ஓவியக் குறிப்புகளில் 'அமைதி' என்னும் சொல் அளவிறந்து வருவதற்கு இவ்விருபுடைமையே காரணமாகலாம். அச்சொல் இலக்கண இடையூறு தராது. ஆயினும் ஒவ்வொரு மலைக்கும் அதனையே சூட்டினால் ஓவியங்களுக்கிடையிலான வேறுபாடு மறைந்துவிடும்.

அஃறிணைப் பொருள்கள் கேட்பன போலவும் பேசுவன போலவும் கூறப்படுவதை நன்னூல் வழக்காக ஏற்கிறது. அவ்விதியில் 'போல' என்பதே உயிர்நாடி. இலக்கணம் அவ்வழக்கை அனுமதிக்கும்போதே அஃது ஏற்றுரை என்பதையும் பதிவு செய்கிறது. உணர்வுக்கு உரியவரை அடையாளம் காண வேண்டும் என்னும் இப்பாங்கைத் தமிழின் குறைபாடாகக் கருதுவதற்கில்லை. மூலத்தில் மறைந்து கிடக்கும் வினாவை அது வெளிக்கொணர்கிறது.

4. மெய்ப்பாடும் சுவைப்பொருளும்

'மெய்ப்பாடு' என்னும் ஈடும் இவ்வடிப்படையில் மறுநோக்குக்கு உரியது. மெய்யின்கண் படுவது மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டினைத் தொல்காப்பியம் கூறுகிறது. சுவைக்கப்படும் பொருள், சுவை, குறிப்பு, விறல் என்னும் நான்கு படிகளை உரையாசிரியர்கள் பிரித்துக் காட்டினர். புலியைக் கண்டு அஞ்சுவோனிடத்து இப்படிகளைப் பொருத்திப் பார்க்கலாம். புலி சுவைக்கப்படும் பொருள். அச்சம் கண்டவன் உள்ளத்தது. நடுக்கமும் வியர்ப்பும் அவன் உடலின. அஞ்சப்படும் புலி தான் அஞ்சுவதில்லை.

இப்பகுப்பின்படி ஓவியத்து மலைக்கு மெய்ப்பாடு இல்லை, அது சுவைப்பொருள். மெய்ப்பாடு அதன்முன் நிற்போனுக்கு உரியது. ஆங்கிலத்தின் ஒரு சொல் தழுவி நிற்கும் இரண்டனைத் தமிழ்க் கோட்பாடு முன்னரே வேறுபடுத்திப் பெயரிட்டுள்ளது. 'மூட்' என்பதற்கு ஒரே ஈடு தேடுவோர் இப்பகுப்பின் பயனை இழக்கின்றனர்.

வடமொழி மரபோடு ஒப்பிடுதலும் பயன் தரும். விஷ்ணுதருமோத்தரத்தின் சித்திரசூத்திரப் பகுதி ஓவியத்திற்கு ஒன்பது சுவைகளைக் கூறுவது. மலை, ஆறு, இரவு, பருவம் ஆகியவற்றை எவ்வெப் பொருள்களால் அடையாளப்படுத்த வேண்டும் என்பதையும் அது விதிக்கிறது. விண்மீன்களோடு உறங்கும் மாந்தரும் கள்வரும் இரவைக் காட்டுவர். நிலத்தையும் பொழுதையும் அவற்றிற்குரிய பொருள்களால் உணர்த்தும் இம்முறை கருப்பொருள் முறைக்கு அணுக்கமானது. எனினும் அடையாளம் காட்டல் வேறு, சுவை பிறப்பித்தல் வேறு என்பதை அந்நூலும் தனித்தனி அதிகாரங்களால் உணர்த்துகிறது.

5. திருவனந்தபுரத்து ஓவியங்கள் இருவகை

மேற்கண்ட வேறுபாட்டைத் திருவனந்தபுரத்து ஓவியங்களில் நேரே காணலாம். ரவிவர்மாவின் சகுந்தலை ஓவியத்தில் காடு உண்டு. ஆனால் ஓவியத்தின் உணர்வு காட்டில் இல்லை. காலில் தைத்த முள்ளை எடுப்பவள்போல் நின்று, துடியந்தனைக் காணத் திரும்பும் முகத்தில் உள்ளது. பார்வையும் உடற்திருப்பமும் மெய்யிற்பட்டவை. ஆகவே மெய்ப்பாடு என்னும் சொல் இங்குச் சொற்பொருளோடு பொருந்துகிறது. காடு களனாக நிற்கிறது. காளிதாசனின் நாடகத்தை அறிந்தோர்க்குக் கூற்றும் கேட்போரும் முன்னரே அமைந்துவிடுகின்றன. 'சகுந்தலை நாணமும் வேட்கையும் கொண்டு திரும்பிப் பார்க்கிறாள்' என எழுதும் மொழிபெயர்ப்பாளர்க்கு இடர் ஏதும் இல்லை.

நிக்கோலாய் ரோரிக்கின் இமய ஓவியங்கள் இதற்கு மறுதலையானவை. 1874இல் பிறந்த ரோரிக் 1928இல் குலுப் பள்ளத்தாக்கின் நக்கரில் குடியேறி, 1947இல் அங்கேயே மறைந்தார். அவர் பெரிதும் கையாண்டது டெம்பரா வண்ணம். இமயத் தொடர் ஓவியங்கள் பலவற்றில் மலைமுகடுகள் கூரிய விளிம்புடைய வண்ணத் தளங்களாக ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. நீலமும் ஊதாவும் மேலோங்குகின்றன. பள்ளத்தாக்கை மூடுபனி நிரப்ப, முகடு அடியற்றதுபோல் தோன்றுகிறது. பலவற்றில் மனிதரே இல்லை. சிலவற்றில் ஒரு துறவியோ பயணியோ மிகச் சிறிய உருவாக வருவர்.

இவற்றைக் குறிஞ்சி என்று கூறுதல் பொருந்தாது. தினைப்புனம் இல்லை, அருவி, வேங்கை, காவல் பரண் ஏதும் இல்லை, கூதிரும் யாமமும் இல்லை. உள்ளதெல்லாம் மலை என்னும் ஒன்றே. ஆயின் இவற்றின் உணர்வைக் கூறத் தொல்காப்பியம் உதவாதா எனின், மெய்ப்பாட்டியல் பெரிதும் உதவும். மருட்கை பிறக்கும் களங்களாக அது கூறுவன புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கு. பெருமை வியப்பைத் தரும் என்பது எவர்க்கும் தோன்றுவது. அதன் அருகே சிறுமையும் எண்ணப்பட்டுள்ளமை சிந்தித்தற்குரியது. உரையாசிரியர் சிறுமையைத் தனித்த நுண்பொருளின் வியப்பாகவே கொள்ளலாம். ரோரிக்கின் ஓவியத்திலோ பெருமையும் சிறுமையும் ஒரே சட்டத்தினுள் ஒன்றையொன்று அளந்து நிற்கின்றன. அடியிலுள்ள சிறு பயணி இல்லையெனின் மலையின் பெருமைக்கு அளவு இல்லை. மலை இல்லையெனின் பயணியின் சிறுமை புலப்படுவதில்லை. மருட்கை இவ்விரண்டின் உறவில் பிறக்கிறது. ஆக்கமும் உண்டு: விடியலிலோ அந்தியிலோ பாறை தன் நிறம் மாறி ஒளிப்பொருளாகத் தோன்றுவது ஒன்று மற்றொன்றாதல் ஆகும்.

எனவே இவ்வோவியங்கள் 'அமைதியானவை' என்று நிறுத்திக்கொள்வதினும், 'பெருமையும் சிறுமையும் அடுத்து நிற்பதால் காண்போர்க்கு மருட்கை தருபவை' என்று கூறுவது துல்லியமானது. காண்போன் வியக்காமல் அஞ்சினாலும் அத்தொடர் அவனுக்கு விளக்கம் தரும். தான் எதன்முன் நிற்கிறான் என்பதை அது கூறிவிடுகிறது.

6. கூற்றில்லா ஓவியத்திற்குச் செய்யுளுறுப்புகள்

மனிதர் இல்லா ஓவியத்தில் கூற்று இல்லை என்பதால் அங்குப் பொருளும் இல்லை எனக் கொள்ளலாகாது. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் உறுப்புகளுள் களன், காலம், நோக்கு, எச்சம், முன்னம் ஆகிய ஐந்தும் ஓவிய விளக்கத்திற்குக் கருவியாகத் தக்கவை. களனும் காலமும் வெளிப்படை. படிப்போனை நிறுத்தி நோக்கச் செய்யும் அமைப்பு நோக்கு. ஓவியத்தில் அது கண்ணின் வழியை ஒழுங்குசெய்யும் அமைப்பாகும். கூறாது விடப்பட்டுக் கேட்போன் குறிப்பால் நிறைவு செய்ய வேண்டியது எச்சம். மூடுபனி மறைத்த மலையடி அத்தகையது. இன்னார்க்கு இன்னார் கூறியது என்பதை இடமும் பொழுதும் கொண்டு உணர வைப்பது முன்னம். சித்தன்னவாசல் குளத்தின் பொருளைக் காட்டியது இம்முன்னமே.

காண்போன் நிற்கும் நிலையே ஓவிய உணர்வின் தோற்றுவாய் என்னும் கருத்து பிற மரபுகளிலும் உண்டு. சீன ஓவியர் குவோ ஷி 1072இல் தீட்டிய 'இளவேனில் தொடக்கம்' என்னும் பட்டுச் சுருள் தைபெய் நகரத்து அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது. அவர் கருத்துகளை அவர் மகன் நூலாகத் தொகுத்தார். மலையைக் கீழிருந்து அண்ணாந்து காண்டல், முன்னின்று ஊடுருவிப் பின்புறம் காண்டல், அண்மையிலிருந்து சேய்மை நோக்கிக் காண்டல் என மூவகைச் சேய்மைகளை அந்நூல் பிரிக்கிறது. மூன்றும் மலையின் பண்புகளல்ல; காண்போன் நிற்குமிடத்தின் வேறுபாடுகள். பருவந்தோறும் மலை வேறுபடுவதையும், அதற்கேற்பக் காண்போர் உள்ளம் வேறுபடுவதையும் அது இணைத்துக் கூறுகிறது. முதற்பொருளாகிய நிலமும் பொழுதும் காண்போர் வழியாகவே உரிப்பொருளைச் சென்றடைகின்றன என்பதற்குத் தொலைவான மரபொன்றின் துணையாக இதனைக் கொள்ளலாம்.

7. மொழிபெயர்ப்பில் பயன்பாடு

மேற்கூறியவற்றால் மொழிபெயர்ப்பாளர் மேற்கொள்ளத்தக்க முறை ஒன்று பெறப்படுகிறது. மூலத்தில் 'மூட்' என்னும் சொல் வரும்போது, உணர்வுக்கு உரியவர் யார் என்பதை முதலில் துணிய வேண்டும். ஓவியத்துள் இருப்பவர் எனின் எழுவாயாக அமைத்து, 'இவள் துயருற்றிருக்கிறாள்' எனலாம். காண்போர் எனின் நான்காம் வேற்றுமை தந்து, 'காண்போர்க்குத் துயரூட்டுகிறது' எனலாம். ஓவியத்தின் அமைப்பு எனின் பொருள்களையே எழுவாயாக்கி, 'ஆளற்ற பாதையும் மங்கும் ஒளியும் துயரைக் குறிக்கின்றன' எனலாம். 'இவ்வோவியத்தின் மனநிலை துயரமானது' என்னும் தொடர் இம்மூன்றில் எதனையும் கூறுவதில்லை.

மூல ஆசிரியர் தெளிவின்மையை வேண்டுமென்றே காத்திருப்பின், அமைதி, தனிமை, வெறுமை போன்ற இருபுடைச் சொற்கள் உதவும். அவற்றை அவ்வாறான இடங்களுக்கென ஒதுக்கிவைப்பது நன்று. 'மெய்ப்பாடு' என்பதை உடலுள்ளோர்க்கும், 'சுவைப்பொருள்' என்பதை மலை, நீர், ஒளி போன்றவற்றுக்கும் வரையறுத்து வழங்கினால் கலைச்சொல் ஒழுங்கு பெறும். திணைப் பெயர்களை, நிலமும் பொழுதும் உரிப்பொருளும் ஒருங்கியையும் இடங்களில் மட்டுமே ஆளுதல் வேண்டும்.

8. முடிவுரை

ஓவியத்தின் அருகே வைக்கப்படும் நான்கு வரிக் குறிப்பு, காண்போர் பலர்க்கு ஓவியத்தைவிட முன்னதாகவே கண்ணிற்படுகிறது. உணர்வு மலையினது என்று அக்குறிப்பு முடித்துவிட்டால், வேறு உணர்வு கொண்டு நிற்பவர் தாம் பிழைபடக் கண்டதாகக் கருத நேரிடும். பெருமை, சிறுமை, பொழுது, எச்சம் என ஓவியத்தில் உள்ளவற்றைக் கூறி, மெய்ப்பாட்டை அவரிடமே விட்டுவிடும் குறிப்பு அவரை மீண்டும் ஓவியத்தை நோக்கச் செய்யும். மலைக்கு மெய்ப்பாடு இல்லை என்னும் இலக்கண உண்மை நிலக்காட்சி ஓவியத்தின் உணர்வை மறுப்பதன்று. அவ்வுணர்வு நிறைவு பெறுவதற்குக் காண்போர் ஒருவர் எதிரே நிற்க வேண்டும் என்பதையே அது தெளிவாக்குகிறது.